கிளெமென்டைன்: பழத்தின் பெயரா?

மகளுக்கு கிளெமென்டைன் என்று வைத்தால் "ஆரஞ்சுப் பழத்தின் பெயரா?" என்று வீட்டில் கேலி செய்கிறார்கள் என்றீர்களே, கதை தலைகீழ். பெயர்தான் மூத்தது. 'கனிவான' என்று பொருள்படும் லத்தீன் சொல் 'கிளெமென்ஸ்' அதன் வேர். அல்ஜீரியாவில் கிளெமான் ரோதியே என்ற துறவி பராமரித்த தோட்டத்தில் முளைத்த பழத்துக்கு 1902இல்தான் அவர் பெயரையே வைத்தார்கள். சர்ச்சிலின் மனைவி கிளெமென்டைன் பிறந்தது 1885இல், பழத்துக்குப் பெயர் வருவதற்கு முன்பே!

இந்தப் பெயர் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் வழக்கொழிந்து கிடந்து, 2010களில் மறுபடி தலைகாட்டியது. இன்னும் அரிதுதான்.

ஒரே தலைவலி உச்சரிப்பு: சிலர் 'டைன்' என்பார்கள், சிலர் 'டீன்'. எது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அப்புறம், கூப்பிட 'கிளெம்' போதும்.