மூன்று கோடு வந்தால் போதுமா?

கேள்வி: ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக் கலனில்) சி.இசட்.டி.எஸ். (செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் சேர்ந்த சேர்மம்) நானோதுகள் தயாரிக்கிறேன். எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ்-கதிர் சோதனையில்) 28.5, 47.3, 56.2 டிகிரியில் கோடுகள் சரியாக வந்தன. கண்ணாடியில் பூசி சூரிய செல் செய்தால் ஷார்ட் ஆகிறது. ரிப்போர்ட் வாங்கித் தந்த ஏஜெண்ட், பூச்சுதான் கோளாறு என்கிறார்.
– எம்.எஸ்சி. மாணவர், தேவிபட்டினம்

பதில்: பூச்சை அப்புறம் பார்க்கலாம் தம்பி. கையில் இருப்பது என்ன பொடி என்பதே இன்னும் தெரியவில்லையே! துத்தநாக சல்பைடுக்கும், துத்தநாகமே இல்லாத செம்பு-வெள்ளீய சல்பைடுக்கும் கிட்டத்தட்ட அதே மூன்று இடத்தில்தான் கோடு விழும். ஏஜெண்டுக்கு இது தெரியாமல் இருக்காது. நீங்கள் சொன்ன பெயரையே கோட்டின் மேல் எழுதித் தருவார்; அடுத்த ரிப்போர்ட்டுக்கும் காசு கேட்பார். படத்தை வாங்காதீர்கள், அளவீட்டின் மூலக் கோப்பைக் கேளுங்கள். மழுப்பினால் ஆளை மாற்றுங்கள்.

ராமன் சோதனை எடுங்கள்; பொடியில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியை வைத்து அது எந்தச் சேர்மம் என்று பார்ப்பது. வரைபடத்தில் 338 செ.மீ.⁻¹-ல் உயரமான முகடும் 287-ல் சின்னதும் வந்தால் சரி. 300 பக்கம் வந்தால் துத்தநாகம் சேரவில்லை. 475-ல் கூர்மையாக நின்றால் அது செம்பு சல்பைடு. உங்கள் ஷார்ட்டுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1928-ல் கண்டுபிடித்த விளைவு. நம் கல்லூரிகள் பலவற்றில் அதற்கு ஒரு கருவி கிடையாது, நான்கு கையெழுத்து வாங்கி வெளியூருக்கு மாதிரி அனுப்ப வேண்டும். காரைக்குடி சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு) நீங்களே எழுதிக் கேளுங்கள், நடுவில் ஆள் வேண்டாம்.

துத்தநாகம் எப்படிக் குறைந்திருக்கும்? துத்தநாக குளோரைடுதானே எடுத்தீர்கள்? உங்கள் ஊர்க் காற்றில் அது தராசுத் தட்டிலேயே கருவாட்டு உப்பு மாதிரி கசிந்து ஒட்டிக்கொள்ளும். எடையில் பாதி தண்ணீர் என்றால்கூட ஆச்சரியமில்லை. துத்தநாகம் குறைந்தால் செம்பு மிஞ்சும். துத்தநாக அசிடேட்டுக்கு மாறுங்கள், அது இப்படிக் கசியாது.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. துத்தநாகம் கொஞ்சம் கூடினால் பயப்பட வேண்டாம். நல்ல செல்களில் வேண்டுமென்றே கூட்டுவார்கள்: எடையில் அல்ல, மோல் கணக்கில் வெள்ளீயம் 1 என்றால் துத்தநாகம் 1.2. செம்பையோ அந்த இரண்டின் கூட்டுத்தொகையில் 0.8 மடங்காகக் குறைத்து வைப்பார்கள். மிஞ்சிய துத்தநாக சல்பைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அது சும்மா கிடக்கும், செல்லின் திறன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மிஞ்சிய செம்பு சல்பைடு கம்பி போட்ட மாதிரி கடத்தும். அதனால் கூட்டுவதென்றால் துத்தநாகத்தைக் கூட்டுங்கள், செம்பைக் கூட்டாதீர்கள்.

இந்த அளவில் புதிதாக ஒரு பொடி செய்து, ராமன் பார்த்த பிறகு கண்ணாடியை எடுங்கள்.