சீரியல் லைட்: வால் முதலில், பிளக் கடைசியில்

கேள்வி: ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டு முகப்பில் ஆறு சீரியல் லைட் செட் போடுகிறோம். புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு என் மகன் அவற்றைக் கழற்றி, முழங்கையில் சுற்றி, ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் திணித்துப் பரணில் போட்டுவிடுவான். அடுத்த டிசம்பரில் எடுத்தால் ஆறும் ஒரே பந்தாக வருகின்றன. பிரித்து முடிக்க அரை நாள் ஆகிறது. போன முறை ஒரு செட் பாதிதான் எரிந்தது. வருடா வருடம் புதிது வாங்குவதுதான் வழியா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம், சகோதரி. ஒரு அட்டைப்பெட்டியும் பழைய பாவாடை நாடாவும் இருந்தால் போதும், ஆறு செட்டும் அடுத்த வருடம் தனித்தனியாக வரும். மகனிடம் மாற்றச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: முழங்கையில் சுற்றும் பழக்கம்.

கையை அசையாமல் வைத்து, உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் குறுக்கே ஒயரைச் சுற்றிச் சுற்றிப் போடும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒயரில் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. பத்து மீட்டர் செட்டில் பத்துப் பன்னிரண்டு முறுக்கு. கையிலிருந்து கழற்றியதும் ஒயர் அந்த முறுக்கைத் தளர்த்திக்கொள்ளப் பார்க்கும். கிணற்றுத் தாம்புக்கயிறு தொய்வு கண்டவுடன் தானாக வளையம் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் இங்கும். சீரியல் லைட்டில் இன்னொரு வம்பு, இரண்டு மூன்று மெல்லிய ஒயர்கள் சேர்ந்தே ஓடுகின்றன. முறுக்கு ஏறினால் அவற்றுக்கிடையே சந்து விழும்; அரிசி பல்புகள் அந்தச் சந்துகளில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும்.

அடுத்த காரணம், அவிழ்ந்து கிடக்கும் முனைகள். 2007இல் அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் நூலை ஒரு பெட்டிக்குள் போட்டு ஆயிரக்கணக்கான முறை உருட்டிப் பார்த்தார்கள். சில நொடிகளிலேயே முடிச்சு விழுந்தது. அடுக்காகக் கிடக்கும் சுருள்களுக்கு நடுவே நூலின் முனை மேலும் கீழுமாகப் புகுந்து வருவதால் முடிச்சு உண்டாகிறது என்று விளக்கினார்கள். அரை மீட்டருக்கும் குறைவான நூலில் முடிச்சே விழவில்லை. நம் செட்டோ பத்து மீட்டர். அதை வெட்டிக் குட்டையாக்க முடியாது. ஆனால் முனைகளைக் கட்டிப்போட முடியும். முனை அசையாவிட்டால் முடிச்சுக்கு வழியே இல்லை.

இனி வேலைக்கு வருவோம். சுவரில் இருக்கும்போதே ஒரு முறை எரியவிட்டு, எந்த செட்டில் பழுது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஒயரில் கை வைக்க வேண்டும். ஆணியிலிருந்தும் கிரில்லிலிருந்தும் ஒவ்வோர் இடமாக விடுவியுங்கள். கீழே நின்று ஒரே இழுப்பாக இழுத்தால், பல்பின் கால் ஒயரோடு சேரும் இணைப்பு விட்டுப்போகும். செட் பாதி எரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மழையில் நனைந்திருந்தால் நிழலில், மின்விசிறிக்குக் கீழே ஓரிரு நாள் பரப்பி வையுங்கள். ஈரத்தோடு சுற்றினால் உள்ளே செம்பு பச்சை பிடிக்கும்.

மிக்ஸியோ ஃப்ரிட்ஜோ வந்த தடித்த பெட்டியிலிருந்து 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்துக்கு ஒரு அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். செட்டுக்கு ஒன்று. ஒரு மூலையில் 2 செ.மீ. ஆழத்துக்கு ஒரு கீறல் போடுங்கள், எதிர் மூலையில் இன்னொன்று. பிளக் இல்லாத வால் முனையை முதல் கீறலில் செருகி, அங்கிருந்து 20 செ.மீ. அகலத்தின் குறுக்கே சுற்றத் தொடங்குங்கள். ஒரு சுற்றுக்கு 40 செ.மீ. செல்லும், எனவே பத்து மீட்டருக்கு 25 சுற்று. சுற்றுக்குச் சுற்று ஒரு செ.மீ. இடைவெளி விட்டு வந்தால் 30 செ.மீ. நீளத்துக்குள் எல்லாம் ஒரே அடுக்காக அடங்கிவிடும். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருப்பது முக்கியம். ஏறினால் பல்பு பல்போடு கோத்துக்கொள்ளும்.

சுற்றும்போது அட்டையைத்தான் திருப்ப வேண்டும். அட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒயரை அதைச் சுற்றிக் கொண்டுபோனால், முழங்கையில் ஏறிய அதே முறுக்கு 25 தடவை ஏறும். ஒருவர் ஒயரைத் தரையில் நீளமாக விரித்துத் தளர்வாகப் பிடித்துக் கொடுக்க, மற்றவர் அட்டையைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு செட்டுக்கு ஐந்து நிமிடம் போதும். இறுக்கி இழுக்கக் கூடாது. அட்டை வளைகிறது என்றால் அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

வாலிலிருந்து தொடங்குவதால் பிளக்கும் கன்ட்ரோலர் டப்பாவும் கடைசியில், வெளியே வந்து நிற்கும். அடுத்த டிசம்பரில் சுற்றைக் கலைக்காமலே பிளக்கைச் செருகி எல்லாம் எரிகிறதா என்று பார்த்துவிடலாம். பார்த்தவுடன் அணைத்துவிடுங்கள், சுற்றிய நிலையில் நெடுநேரம் எரியவிடக் கூடாது. மாட்டும்போதும் பிளக் பாயின்டில் தொடங்கி, அட்டையைத் திருப்பிக்கொண்டே ஒயரை விட்டுக்கொண்டு போகலாம். கன்ட்ரோலர் டப்பாவை இரண்டாவது கீறலருகே நாடாவால் கட்டிவிடுங்கள். அட்டையின் மேல் “வாசல் கிரில், 10 மீட்டர்” என்பதுபோல இடத்தையும் நீளத்தையும் எழுதிவைத்தால் ஏணியில் ஏறிய பிறகு தேட வேண்டாம்.

ரப்பர் பேண்ட் போடாதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் அது இளகி ஒயரில் ஒட்டிக்கொள்ளும். தெர்மாகோலில் சுற்றுவதும் தவறு. ஒயரின் பிவிசி உறையை வளைய வைக்கும் மென்மையூட்டி மெல்ல மெல்லத் தெர்மாகோலுக்குள் இறங்கிவிடும். தெர்மாகோல் உருகி ஒட்டும், ஒயர் விறைத்து வெடிக்கும். டிவி பெட்டியில் வந்த தெர்மாகோல் பார்க்க வசதியாகத்தான் இருக்கும், ஆனால் வேண்டாம். அந்துருண்டையும் சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும் என்பதால் பெட்டிக்குள் போடாதீர்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டால் ஈரம் தங்காது.

அட்டைகளைப் படுக்க வைத்து அடுக்காமல், மூடியுள்ள பெட்டியில் நிற்க வையுங்கள். வீட்டில் எலி உண்டு என்றால் தகர டிரங்குப் பெட்டிதான் சரி. மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரண் கோடையில் கொதிக்கும். கட்டிலுக்கு அடியிலோ அலமாரியின் கீழ்த்தட்டிலோ வைத்தால் ஒயருக்கு ஆயுள் கூடும்.

ஜன்னலில் திரைபோலத் தொங்கவிடும் கர்ட்டன் லைட் அட்டைக்குச் சரிப்படாது. பழைய வேட்டியைத் தரையில் விரித்து, தலைப்பு ஒயரை மேல் ஓரத்தில் நேராக வைத்து, தொங்கும் சரங்களை ஒன்றையொன்று தொடாமல் கீழ்நோக்கிப் பரப்புங்கள். மேலே வேட்டியின் மறுபாதியைப் போட்டு மூடி, பிளக் இல்லாத பக்கத்திலிருந்து தளர்வாகச் சுருட்டி இரண்டு இடத்தில் கட்டுங்கள். துணி நடுவில் இருப்பதால் சரம் சரத்தோடு சேராது.

இப்போது பரணில் இருக்கும் பந்தை என்ன செய்வது? பிளக்கில் செருகாமல், தரையில் ஒரு விரிப்பின்மேல் போட்டு, எந்த முனையையும் இழுக்காமல் எல்லாப் பக்கமும் விரல்விட்டு வெளிநோக்கித் தளர்த்துங்கள். இழுத்தால் உள்ளே இருக்கும் முடிச்சு இறுகும். பந்து பெரிதாக உப்பிய பிறகு ஏதாவது ஒரு வாலைப் பிடியுங்கள். கன்ட்ரோலர் டப்பா வளையங்களுக்குள் நுழையாது, ஆகவே பிளக் பக்கத்திலிருந்து தொடங்கினால் பாதியில் நிற்க வேண்டிவரும். விடுபட்ட ஒவ்வொரு முழத்தையும் அப்போதே அட்டையில் ஏற்றிக்கொண்டே போங்கள். தரையில் விட்டால் மீண்டும் பந்தோடு சேர்ந்துவிடும்.

பாதி எரியாத செட்டைப் பற்றி: இந்த செட்களில் எல்இடிகள் பல வரிசைகளாகப் பிரிந்து, வரிசைக்குள் தொடராக இணைந்திருக்கும். ஒரு பல்போ ஓர் இணைப்போ போனால் அந்த வரிசை முழுவதும் அணையும். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் சரி செய்துவிடலாம். நீங்களே பிளேடால் சீவி ஒட்டுப்போட வேண்டாம். பல செட்களில் 230 வோல்ட் மின்சாரம் நேரடியாகவே ஒயரில் ஓடுகிறது. எலி கடித்தோ உறை வெடித்தோ செம்பு தெரிகிறது என்றால் டேப் சுற்றிக்கூடப் பயன்படுத்தாதீர்கள். இரும்பு கிரில்லில் அது பட்டால் கேட்டைத் தொடும் குழந்தைக்கு ஷாக் அடிக்கும். அந்த செட்டின் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுக் கழித்துவிடுங்கள்.

பேட்டரியில் எரியும் குட்டி நட்சத்திரங்கள் இருந்தால், செல்களைக் கழற்றிவிட்டு எடுத்து வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து, ஸ்பிரிங்கை அரித்துவிடும்.