மூன்று அணியும் குளத்தில் குதிக்கும் பொம்மையும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நானும் என் வகுப்புத் தோழர்கள் இருவரும் கும்பகோணத்தில் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறோம். நிஜத் தெருவில் நடந்து போக்கிமான் என்ற கற்பனை உயிரிகளைப் பிடிக்கும் போக்கிமான் கோ போல, ஆனால் முழு ஆர்பிஜியாக (ஒரு பாத்திரமாகக் கதைக்குள் வாழும் விளையாட்டு), மொபைலுக்கு ஒரு விளையாட்டு செய்ய ஆசை. ஊருக்குள் நடந்தால் பாத்திரமும் நடக்கும். சேர, சோழ, பாண்டிய என மூன்று அணி, கோயில்கள்தான் கோட்டைகள், கேமராவைத் திறந்தால் பூதங்கள் தெருவில் நிற்கும். தமிழ்நாடு முழுக்க இடங்களை, எல்லோரும் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்வதாகத் திட்டம். விளையாட்டு செய்யும் மென்பொருளான யூனிட்டியில் வரைபடம் ஓடுகிறது. ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பொம்மை நடக்கிறது, சாரங்கபாணி கோயில் பக்கம் போனால் பொற்றாமரைக் குளத்துக்குள் குதிக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது? நாங்கள் போகும் வழி சரியா? இதெல்லாம் பெரிய நிறுவனங்களால்தான் முடியும் என்கிறார் எங்கள் பேராசிரியர்.

ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

முதலில் குதிக்கும் பொம்மையைப் பார்த்துவிடுவோம். மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

திறந்த வானத்தின் கீழே ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைச் சொல்லிவிடும். அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம் தரும் கணக்கு 4.9 மீட்டர். கோபுரத்தடியில் அந்தக் கணக்கு எடுபடாது. சிக்னல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத்தான் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது, கல்லிலும் சுவரிலும் பட்டுத் தெறித்துச் சுற்றிவந்த சிக்னல் கொஞ்சம் தாமதமாக வருவதால் செயற்கைக்கோள் இன்னும் தள்ளி இருப்பதாக அது நினைத்துக்கொள்கிறது, உங்கள் பொம்மை குளத்தில் விழுகிறது. ஓட்டு வீட்டுக்குள்ளோ கான்கிரீட் தளத்துக்கு அடியிலோ உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான், நீங்கள் அசையாமல் இருக்க புள்ளி மட்டும் தெருவைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

போன் ஒவ்வொரு முறை இடத்தைச் சொல்லும்போதும் கூடவே இத்தனை மீட்டர் பிழை இருக்கலாம் என்று ஓர் எண்ணையும் தருகிறது. அதைப் பெரும்பாலான புதியவர்கள் எடுத்துப் பார்ப்பதே இல்லை. பிழை 30, 40 மீட்டரைத் தாண்டினால் அந்த அளவீட்டைத் தூக்கிப் போடுங்கள். பிழையைவிடச் சிறிய நகர்வு நகர்வே அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். மனிதக் காலால் முடியாத வேகத்தில் வந்த புள்ளியையும் ஏற்காதீர்கள். அப்புறம், போனில் அடி எண்ணும் உணரி இருக்கிறது. அடி விழவில்லை என்றால் பொம்மையும் நகரக்கூடாது. இந்த நான்கையும் செய்தால் வீட்டில் நடப்பது அநேகமாக நின்றுவிடும். கோபுரத்தடியில் குதிப்பது குறையும், ஆனால் முழுக்க நிற்காது. அதை நிரலால் தீர்க்க முடியாது, விளையாட்டின் வடிவமைப்பில்தான் தீர்க்க வேண்டும்.

மகாமகக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் 16 மண்டபங்கள். ஒரு சுற்று நடக்க பத்து நிமிடம்கூட ஆகாது, ஆக மண்டபத்துக்கு மண்டபம் இடைவெளி 40 மீட்டர் அளவுதான் வரும். போக்கிமான் கோவில் ஒரு நிறுத்தத்தை (விளையாட்டுப் பொருள் கிடைக்கும் இடம்) தொட 40 மீட்டருக்குள் இருந்தால் போதும் என்று வைத்திருந்தார்கள். 2020-ல் பெருந்தொற்றுக் காலத்தில் அதை 80 ஆக்கினார்கள், 2021 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் மறுபடி குறைத்தபோது விளையாடுபவர்கள் கொதித்துப்போய் எதிர்க்க, அதே மாதமே 80-க்குத் திரும்பினார்கள். வட்டம் பெரிதாக இருப்பதுதான் ஜனங்களுக்கு வசதி, சரி. ஆனால் குளக்கரையில் 40 மீட்டர் வைத்தாலே ஒரு மண்டபத்தின் முன் நின்றுகொண்டு பக்கத்து இரண்டையும் தொட்டுவிடலாம். 10 மீட்டர் என்று சுருக்கினால் சரியான இடத்தில் நிற்பவனையே போன் 'நீ இங்கே இல்லை' என்று திருப்பி அனுப்பும்.

இங்கேதான் நீங்கள் செய்ய நினைப்பது ஆர்பிஜி என்பது கைகொடுக்கிறது. ஜிபிஎஸ் உங்களைக் குளத்தின் கரைவரைக்கும் கொண்டுபோய் விடட்டும், மிச்சத்தைக் கண்ணிடம் கொடுங்கள். அங்கே ஒரு மண்டபத்தின் விதானத்தில் துலாபாரக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. தராசில் உட்கார்ந்திருப்பவரைத் தேடிக் கண்டுபிடி, அவர் கதையில் அடுத்த கதவைத் திறப்பார் என்று வைத்தால், விளையாடுபவர் மண்டபம் மண்டபமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவார். புள்ளி பத்து மீட்டர் தள்ளி விழுந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. தினமும் அந்த வழியாகக் கல்லூரிக்குப் போகிற பையன் முதல்முறையாக அந்த விதானத்தைப் பார்ப்பான். இந்த வகை விளையாட்டின்மேல் எனக்கு இவ்வளவு பற்று இருப்பதற்குக் காரணமே இதுதான், வேறு எந்த விளையாட்டும் இதைச் செய்வதில்லை.

இதனால்தான் தமிழ்நாடு முழுக்கத் தானாக எடுத்துக்கொள்ளும் திட்டத்தை விட்டுவிடச் சொல்கிறேன். தானாக வரும் பட்டியலில் கோயில் என்று ஒரு குறி இருக்கும், விதானம் இருக்காது. தெருமுனைப் பிள்ளையார், படித்துறை, வெற்றிலை மண்டி, ராமானுஜன் வாழ்ந்த சாரங்கபாணி சன்னதித் தெரு வீடு, இதில் எதை முன்னால் வைப்பது, எதைக் கடைசியாகத் திறப்பது என்பது ஊரில் நடந்தவருக்குத்தான் தெரியும். கும்பகோணம் ஒன்றை மட்டும் கையால் செய்யுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வரைபடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் (பங்களித்தவர்களைத் திரையில் குறிப்பிட வேண்டும், உரிமத்தின் நிபந்தனை அது), போகிற போக்கில் விட்டுப்போன தெருக்களையும் தமிழ்ப் பெயர்களையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். அது பொதுச் சொத்து, போக்கிமான் கோவே 2017 டிசம்பரில் கூகுள் வரைபடத்தை விட்டு அதற்குத்தான் மாறியது. கூகுள் 2018-ல் விளையாட்டுகளுக்கென்றே ஒரு வரைபடச் சேவையைத் தொடங்கி 2022 முடிவில் மூடிவிட்டது. அதை நம்பிக் கட்டியவர்கள் மாற்று தேட வேண்டியதாயிற்று.

சரி, அடுத்து மூவேந்தர் அணிகள். எழுதும்போது நன்றாக இருக்கிறது. வெளியிட்ட முதல் மாதம் கும்பகோணத்தில் எத்தனை பேர் விளையாடுவார்கள்? உங்கள் வகுப்பு, அவர்களின் தம்பி தங்கைகள். அதை மூன்றாகப் பிரித்தால் போருக்கு ஆளிருக்காது, கோட்டையைப் பிடித்தவர் பிடித்தபடியே கிடப்பார், வந்தவர் போய்விடுவார். போக்கிமான் கோவைச் செய்த நியாண்டிக் நிறுவனம் அதற்கு முன் 2012-ல் இன்கிரஸ் விளையாட்டைத் தொடங்கியபோது உலகம் முழுமைக்குமே இரண்டு அணிதான். கூட்டம் தேவைப்படும் விளையாட்டுகள் பெருநகரங்களில் ஓடின, சிற்றூர்களில் திரை வெறுமையாக இருந்தது. கிராமத்துக்காரர்கள் போக்கிமான் கோ வந்த 2016-லிருந்தே சொல்லிவரும் குறை இது. நீங்கள் சிற்றூரிலிருந்து தொடங்குகிறீர்கள், அதனால் இதை முதலிலேயே தீர்த்துவிடலாம். ஊரில் ஒரே ஒருவர் விளையாடினாலும் கதை முழுதாக நடக்க வேண்டும். இரண்டாவது ஆள் வந்தால் அவருக்கு உதவலாம், ஒருவர் விட்டுச் சென்ற பொருள் இன்னொருவருக்குக் கிடைக்கலாம். அணியும் கோட்டையும் அதற்குப் பிறகு வரட்டும். போட்டி இல்லையென்றால் போலி இருப்பிடம் காட்டி ஏமாற்றுகிறவர்களைத் துரத்தும் வேலையும் தொடக்கத்தில் உங்களுக்கு மிச்சம்.

கேமராவை இப்போதைக்கு மூடிவையுங்கள். பேட்டரியைத் தின்னும், வெயிலில் திரை தெரியாது, பெரிய கடைத்தெருவில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பவர் மேல் ஆட்டோ ஏறும். நடக்கும்போது போன் பையில் இருக்கட்டும், அடியை எண்ணட்டும், இடம் வந்ததும் ஓர் அதிர்வு போதும். போக்கிமான் கோவும் 2018-ல் இப்படி ஒரு வசதியைக் கொண்டுவந்து, செயலி மூடியிருந்தாலும் நடந்த தூரத்தைக் கணக்கில் சேர்த்தது. சண்டை, உரையாடல், பொருள் வாங்குவது எல்லாம் உட்கார்ந்த பிறகு நடக்கட்டும். அதனால் சண்டையை முறைவைத்து மாறி மாறி அடிக்கும் பழைய பாணியில் வையுங்கள். ஓர்னா என்ற விளையாட்டு இப்படித்தான், கனடாவில் ஒரு சிறு குழு செய்தது. நடுவில் நெட் போனாலும், பஸ் வந்துவிட்டாலும் விட்ட இடத்தில் தொடரலாம். மே மாதப் பகல் பன்னிரண்டு மணிக்கு யாரையும் நடக்க வைக்காதீர்கள். இருட்டிய பிறகு ஆளில்லாத சந்துக்குப் போனால்தான் கிடைக்கும் என்று எந்தப் பொருளையும் வைக்காதீர்கள். உங்கள் குழுவில் பெண்கள் இல்லையென்றால் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள், எந்தத் தெரு எந்த நேரத்தில் சரிவராது என்று மூன்று பையன்களுக்குத் தெரியாது.

கோயில்களைக் கோட்டைகளாக்குவது வேண்டவே வேண்டாம். கோயிலுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. அதற்கு முன்பே, 2016-ல், வழிபாட்டுத் தலங்களில் விளையாட்டின் முட்டைகள் திரையில் தோன்றுகின்றன என்று போக்கிமான் கோவுக்கு எதிராக குஜராத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். புள்ளியைச் சன்னதித் தெருவிலோ தேரடியிலோ வையுங்கள், கோபுரத்தை வெளியே நின்று பார்க்கட்டும். கோபுரத்தைவிட்டுத் தள்ளி வந்தால் சிக்னலும் தெளியும்.

இன்னொன்றை எழுதித்தான் ஆக வேண்டும். 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் உங்களுடையது. நீங்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள் அல்லது கைக்குழந்தை. தானாக இடம் எடுக்கும் நிரலுக்கு நினைவிடமும் பூங்காவும் ஒன்றுதான். ஆஷ்விட்ஸ் வதைமுகாம் நினைவகத்திலும் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவிலும் போக்கிமான்கள் தோன்றி, அந்த இடங்களின் நிர்வாகத்தினர் கேட்டுக்கொண்ட பிறகுதான் நீக்கினார்கள். உங்களிடம் யாரும் வந்து கேட்கும்படி வைக்காதீர்கள். பள்ளிகள், மருத்துவமனைகள், சுடுகாடு, அந்த நினைவிடம் இருக்கும் பகுதி, இவற்றை வரைபடத்தில் முதலில் வெட்டி ஒதுக்கிவிட்டு அதன்பிறகு முதல் பூதத்தை வையுங்கள். யாராவது என் வீட்டு வாசலில் வேண்டாம் என்றால் அன்றே எடுத்துவிட ஒரு வழியும் வேண்டும். அமெரிக்காவில் வீட்டுக்காரர்கள் இதற்காக நியாண்டிக் மேல் வழக்குப் போட்டு, அது 2019-ல் சமரசத்தில்தான் முடிந்தது.

சர்வர் பற்றிச் சுருக்கமாக. எல்லாப் பொருட்களையும் எல்லா போனுக்கும் அனுப்ப வேண்டாம். ஜியோஹாஷ் முறையில் பூமியைக் கட்டங்களாக வெட்டினால் ஏழெழுத்துக் கட்டம் ஒன்று சுமார் 150 மீட்டர் வரும். போன் தன் கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டையும் மட்டும் கேட்கட்டும். கட்ட விளிம்பில் நிற்பவருக்கு அந்த எட்டு அவசியம். மொத்தக் கும்பகோணத்துக்கும் ஒரு சின்ன சர்வரும் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் தாராளம்.

யார் எங்கே நடந்தார் என்பதைச் சேமிக்காதீர்கள். எந்தக் கதவு திறந்தது என்பது போதும், போன வழி உங்களுக்கு வேண்டாம். ஓட்டப்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா 2017-ல் தன் பயனர்களின் தடங்களைப் பெயரில்லாமல் ஒரே வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் பார்த்தால் ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருந்த ராணுவ முகாம்கள் அதில் பளிச்சென்று தெரிந்தன. உங்கள் வரைபடத்தில் தெரியப்போவது ஒரு பிள்ளையின் வீடும் டியூஷன் நேரமும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், குழந்தைகளின் நடமாட்டத்தைப் பின்தொடரக் கூடாது என்று 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. இருப்பிட அனுமதியைச் 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்றே கேளுங்கள். இடம் வந்ததும் அதிர்வு என்று மேலே சொன்னேனே, அதற்கும் வழி உண்டு: ஆட்டம் நடக்கும்போது ஆண்ட்ராய்டில் மேலே நிலையான அறிவிப்பு ஒன்றைக் காட்டிக்கொண்டே ஓடும்படி வைத்தால் இந்த அனுமதியே போதும், விளையாடுகிறவருக்கும் அது ஓடுவது தெரியும்.

உங்கள் பேராசிரியர் சொல்வது பாதி சரி. உலகம் முழுவதற்கும் ஒரே நாளில் என்றால் பெரிய நிறுவனம் வேண்டும். ஆனால் மைக்ரோசாஃப்ட் 2019-ல் வெளியிட்ட மைன்கிராஃப்ட் எர்த் 2021 ஜூனில் மூடப்பட்டது. நியாண்டிக்கே ஹாரி பாட்டர் பெயரில் செய்த விளையாட்டு மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை. மறுபுறம், 2001-ல் ஸ்வீடனில் இட்ஸ் அலைவ் என்ற சிறு நிறுவனம், போனில் ஜிபிஎஸ்ஸே இல்லாத காலத்தில், செல்கோபுரத்தையும் எஸ்எம்எஸ்ஸையும் வைத்துக்கொண்டு பாட்ஃபைட்டர்ஸ் என்ற விளையாட்டைத் தெருவில் ஓட்டியது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெர்புளூ 2008-ல் தொடங்கிய பேரலல் கிங்டம் முழு ஆர்பிஜி, 2016 வரை நடந்தது. உங்கள் கையிலிருக்கும் போன் அவர்கள் யாரிடமும் இருந்ததைவிட மேலானது.

ஒரு குளம், நான்கு கரை, ஒரு கதை. அதை முதலில் முடியுங்கள். வகுப்பில் விளையாட்டே ஆடாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, நீங்கள் பின்னால் போகாமல், என்ன செய்தார் என்று திரும்பி வந்ததும் கேளுங்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு பிரதியை அனுப்பினால் நானும் வந்து நடந்து பார்க்கிறேன். ஆண்ட்ராய்டு வடிவமாக அனுப்புங்கள், என்னிடம் ஐபோன் இல்லை.

அன்புடன்