எம்எக்ஸ்-5 காருக்கு ஹார்டுடாப்: காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். சென்ற கோடையில் 1996ஆம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். துணிக்கூரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு கராஜ் கிடையாது, குளிர்காலம் முழுக்க கார் வெளியேதான் நிற்கும். பக்கத்து ஊரில் ஒருவர் தன் 2001 மாடல் எம்எக்ஸ்-5இன் ஹார்டுடாப்பை, அதாவது துணிக்கூரைக்குப் பதிலாகப் போடும் கெட்டிக் கூரையை, மட்டும் விற்கிறார். அது என் காருக்குப் பொருந்துமா? வேறு என்னென்ன வாங்க வேண்டியிருக்கும்? துணிக்கூரையைக் கழற்ற வேண்டுமா?

பதில்: பொருந்தும். 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை உங்களுடையது. அவருடையது 1998இல் வந்த இரண்டாம் தலைமுறை. தூக்கி இறக்கும் முகப்பு விளக்கு போய் நிலையான விளக்கு வந்தது, பாடியின் வளைவுகள் மாறின. ஆனால் கூரை உட்காரும் அளவுகளை மாஸ்டா அப்படியே விட்டுவிட்டது. அதனால் இந்த இரண்டு தலைமுறைகளின் ஹார்டுடாப்பையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம். 2005இல் வந்த மூன்றாம் தலைமுறையின் கூரை உங்கள் காரில் உட்காராது. விளம்பரங்களில் வெறுமனே ‘எம்எக்ஸ்-5 ஹார்டுடாப்’ என்று போட்டிருப்பார்கள் என்பதால், எந்த வருடக் காரிலிருந்து எடுத்தது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூரை பொருந்துகிறது, சரி. அதைப் பிடித்துக்கொள்ளும் இரும்புகள் உங்கள் காரில் இருக்கின்றனவா என்பதுதான் அடுத்த கேள்வி. இதைப் பார்க்காமல் கூரையை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் சின்னச் சின்ன பாகங்களுக்காக அலைகிறவர்கள்தான் அதிகம்.

மொத்தம் ஆறு இடங்களில் கூரை காரைப் பிடிக்கிறது. முன்பக்கம் இரண்டு: உங்கள் துணிக்கூரையின் கொக்கிகள் விண்ட்ஸ்கிரீன் சட்டத்தில் எங்கே மாட்டுகின்றனவோ, அதே இடத்தில்தான் ஹார்டுடாப்பின் கொக்கிகளும் மாட்டும். இதற்குப் புதிதாக எதுவும் வேண்டாம். பக்கவாட்டில் இரண்டு: கதவு முடிகிற இடத்துக்குப் பின்னால் பாடியில் போல்ட் போட்டு முடுக்கிய ஸ்ட்ரைக்கர் தட்டு (கூரையின் பக்கக் கொக்கி மாட்டும் தட்டு), இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இது எல்லாக் கார்களிலும் இருக்காது. கதவைத் திறந்து பாருங்கள். உலோகத் தட்டு தெரிந்தால் நல்லது, வெறும் மூடிதான் இருக்கிறது என்றால் தட்டு வாங்க வேண்டும். பின்பக்கம் இரண்டு: பின்கண்ணாடிக்குக் கீழே டெக்கின் (துணிக்கூரைக்கும் பூட் மூடிக்கும் இடையிலுள்ள பாடிப் பகுதியின்) இரு மூலைகளிலும் முளைத்து நிற்கும் தடித்த போல்ட்டுகள். ஓனர்கள் வட்டாரத்தில் இவற்றை ‘ஃபிராங்கன்ஸ்டைன் போல்ட்’ என்றுதான் கேட்பார்கள். கூரையின் பின்விளிம்பில் உள்ள பிடிகள் இவற்றில்தான் மாட்டும்.

‘முன்னாலும் பக்கத்திலும் பிடித்தால் போதாதா, பின்னால் வேறு எதற்கு?’ என்று சிலர் இந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மோட்டர்வேயில் போகும்போது கூரையின் மேல் ஓடும் காற்று வேகமெடுத்து, அங்கே அழுத்தம் குறைகிறது. காருக்கு உள்ளே அழுத்தம் அதைவிட அதிகம். இந்த வித்தியாசம் கூரையை மேலே தூக்கப் பார்க்கும். பின்விளிம்பு தளர்வாக இருந்தால் முதலில் கடகடவென்று சத்தம் வரும், பிறகு பக்கக் கொக்கிகளின் மேல் சுமை ஏறும்.

இன்னொரு விஷயம். விற்பவர் கூரையைக் கழற்றிக் கொடுக்கும்போது, பக்கத் தட்டுகளும் பின் போல்ட்டுகளும் பெரும்பாலும் அவர் காரிலேயே தங்கிவிடும். ஹார்டுடாப்பை விற்றபின் அவருக்கு அவற்றால் பயனில்லை. ‘அதையும் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்’ என்று விலை பேசும்போதே கேளுங்கள். தனியாகத் தேடினால் அந்தச் சின்ன இரும்புகளுக்கே கணிசமாகக் கேட்பார்கள்.

அவர் வீட்டில் கூரையைப் பார்க்கும்போது பெயின்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். மாஸ்டாவின் அசல் ஹார்டுடாப் கண்ணாடி இழை கலந்து அச்சில் வார்த்த பிளாஸ்டிக், அதனால் கூரையே துருப்பிடிக்காது. சேதம் வரும் இடம் கொக்கிகள் பொருத்திய மூலைகள்தான். அங்கே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடுத்து ரப்பர் சீல்கள். நகத்தால் அழுத்தினால் உள்வாங்கி உடனே எழும்ப வேண்டும். அழுத்தம் அப்படியே பதிந்து நின்றாலோ, வெடிப்பு தெரிந்தாலோ புது சீல் வாங்க வேண்டியிருக்கும். அசல் சீல்கள் மலிவானவை அல்ல, அதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். நிறம் ஒத்துப்போகவில்லை என்றால் அதற்காக நல்ல கூரையை விட்டுவிடாதீர்கள். கறுப்பு அடித்தால் எந்த நிறக் காருக்கும் எடுப்பாகவே இருக்கும்.

இரண்டாம் தலைமுறைக் கூரை என்பதால் பின்கண்ணாடியில் சூடேற்றும் கம்பிகள் இருக்கலாம். உங்கள் துணிக்கூரைக்கு பிளாஸ்டிக் ஜன்னல் என்றால், அதற்கு இந்த வசதி தேவைப்பட்டிருக்காது, எனவே காரில் வயரிங்கோ சுவிட்சோ இல்லாமல் போகலாம். சீட்டுகளுக்குப் பின்னால் கார்ப்பெட்டை விலக்கி, மாட்டாமல் கிடக்கும் கனெக்டர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஃபியூஸ், ரிலேயுடன் முறையாக வயர் இழுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பிகள் நிறைய மின்சாரம் இழுக்கும், சிகரெட் லைட்டர் வயரில் கோத்துவிடுவது ஆபத்து.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன்: தண்ணீர். இந்தக் காரைக் கொல்வது எஞ்சின் கோளாறு இல்லை, துருதான். துணிக்கூரையின் பின்பகுதியில் சேரும் மழைநீர் இருபுறமும் உள்ள வடிகுழாய்கள் வழியாக இறங்கி, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் வெளியேற வேண்டும். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் அந்த நீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ இரும்புக்குள், அதாவது சில்லுக்குள் தேங்கும். அங்கே உள்ளிருந்து அரித்து, ஒருநாள் எம்ஓடி பரிசோதனையில் (கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திரச் சோதனையில்) தெரியவரும். ஹார்டுடாப்பை ஐந்து மாதம் போட்டு வைத்தால் அந்த இடம் உங்கள் கண்ணிலேயே படாது. அதனால் போடும் முன் இருபுறமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, குனிந்து அடியில் பாருங்கள். இறங்கும் வேகத்திலேயே வெளியே வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் வழவழப்பான நைலான் கயிற்றை மெதுவாக விட்டுச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பியைக் குத்தினால் உள்ளே இருக்கும் குழாய் கிழிந்துவிடும்.

துணிக்கூரையைக் கழற்ற வேண்டியதில்லை. மடித்து அதன் இடத்தில் வைத்து, மேலே ஹார்டுடாப்பைப் போடலாம். எடை குறையும் என்று கழற்றிவிடுகிறவர்கள் உண்டு, ரேஸ் ட்ராக்கில் ஓட்டுபவர்களுக்கு அது சரி. ஆனால் மடிக்கும்போது துணி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் வசந்த காலத்தில் பூஞ்சைதான் மிஞ்சும். பின் ஜன்னல் பிளாஸ்டிக் என்றால் ஜிப்பைத் திறந்து, ஜன்னலைத் தட்டையாகக் கிடத்தி, அதன் மேல் பழைய பூந்துண்டு ஒன்றை விரித்த பிறகே மடியுங்கள். இதைக் கடும் குளிரில் செய்தால் பிளாஸ்டிக் விறைத்து உடையும். அக்டோபர் வெயிலில் ஒரு நாள் பார்த்து முடித்துவிடுங்கள்.

கூரை சுமார் 20 கிலோதான். ஆனால் அகலமான பொருள், கைக்கு அடங்காது, காற்றடித்தால் இழுக்கும். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் வேண்டும். இரு கதவு ஜன்னல்களையும் முழுக்க இறக்கிவிடுங்கள், பின்பக்கம் ஆன்டெனா இருந்தால் கழற்றுங்கள், பூட் மூடியின் மேல் போர்வை விரியுங்கள். நேராக மேலிருந்து இறக்கி, பின் பிடிகள் போல்ட்டுகளில் சேர்ந்தனவா என்று இருவரும் அவரவர் பக்கத்தில் பார்த்துவிட்டு, முன் கொக்கிகளைப் பூட்டுங்கள், பிறகு பக்கக் கொக்கிகளை. முன் கொக்கி ரொம்ப இறுக்கமாகவோ தளர்வாகவோ இருந்தால் அதன் மரையைத் திருகி நீளத்தைச் சரிசெய்யலாம். கை வலிக்கும் அளவுக்கு இறுக்கினால் மூலைகளில் விரிசல் விடும்.

அடுத்து ஜன்னல்களை ஏற்றுங்கள். உங்கள் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது, விளிம்பு நேராக ரப்பரில் போய் அழுந்த வேண்டும். கதவைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தை சீலின் மேல் வைத்து மூடிவிட்டு, இழுத்துப் பாருங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். சும்மா வழுக்கி வந்தால் மழை அந்த வழியாகத்தான் நுழையும், கதவுக்குள் கண்ணாடியின் நிலையை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ் தடவினால் கிறீச் சத்தமும் நிற்கும். வாசலினும் பெட்ரோலியம் கலந்த ஸ்பிரேக்களும் ரப்பரை ஊத வைத்துவிடும், தொடாதீர்கள்.

முதல் சில நாட்கள் ஓட்டியபின் ஆறு பிடிகளையும் ஒருமுறை சரிபாருங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். கார் கவிழ்ந்தால் இந்தக் கூரை தலையைக் காக்காது, ரோல் பார் (கவிழும்போது தலையைக் காக்கும் இரும்புச் சட்டம்) செய்யும் வேலையை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கராஜ் இல்லாத உங்களுக்குக் கடைசிச் சிக்கல், கோடையில் கூரையை எங்கே வைப்பது என்பது. நிமிர்த்தி வைக்கும் சக்கர ஸ்டாண்டு ஒன்று வாங்கினால் வீட்டுக்குள் ஒரு சுவரோரமே போதும். வெறும் சிமென்ட் தரையில் மட்டும் நிறுத்தாதீர்கள், கீழ்விளிம்பு சீல் நசுங்கிவிடும்.