ஜிராவில் பதிவாகும் எண்களை வைத்து ஊழியர்களுக்கு அப்ரைசல் செய்யலாமா?

கேள்வி: எங்களுடையது 40 பேர் பணியாற்றும் மென்பொருள் நிறுவனம். வேலைகள் அனைத்தையும், யாரிடம் எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஜிரா மென்பொருளில் பதிவு செய்து வருகிறோம். ஒவ்வொருவரும் முடித்த டிக்கெட்டுகளையும் (ஒவ்வொரு வேலைக்குமான பதிவு) ஸ்டோரி பாயின்ட்டுகளையும் (வேலையின் அளவைக் குறிக்கும் எண்) கொண்டே ஆண்டு அப்ரைசல் ரேட்டிங்கை முடிவு செய்யலாமா, அல்லது அதற்கெனத் தனி மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: முடிவு செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. தனி மென்பொருள் வாங்குவதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேலை எங்கே நிற்கிறது என்பதற்கான பதிவும், ஒருவர் எப்படிப் பணியாற்றுகிறார் என்பதற்கான பதிவும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதே முதலில் தேவை.

சிட்னியைச் சேர்ந்த அட்லாசியன் நிறுவனம் 2002-இல் ஜிராவை வெளியிட்டபோது, அது மென்பொருளில் உள்ள பிழைகளைப் பதிந்து, யாரிடம் எந்தப் பிழை நிற்கிறது என்று பார்ப்பதற்கான கருவியாகவே இருந்தது. இன்று எத்தனையோ வசதிகள் சேர்ந்துவிட்டாலும், அதில் உள்ள தகவல்களில் பெரும்பகுதியை ஊழியர்களே தங்கள் கையால் உள்ளிடுகிறார்கள் என்ற அடிப்படை மாறவில்லை. "இந்த வேலை நின்றுவிட்டது", "நான் நினைத்ததைவிட இது கடினமாக இருக்கிறது" என்று ஒருவர் அச்சமின்றிப் பதிவு செய்தால்தான் திட்டத்தின் உண்மை நிலை மேலாளருக்குத் தெரியும். அதே பதிவு சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் என்று தெரிந்த நாளிலிருந்து எவரும் அப்படி எழுத மாட்டார்கள்.

ஸ்டோரி பாயின்ட் என்பது ஒரு குழு தனக்குள் பேசி, ஒரு வேலையை இன்னொரு வேலையோடு ஒப்பிட்டு, தோராயமாக வைக்கும் அளவு. ஒரு குழு 5 என்று மதிப்பிடும் வேலையை அடுத்த அறையில் உள்ள குழு 8 என்று மதிப்பிடலாம். இரண்டுமே தவறில்லை, ஏனென்றால் அடுத்த ஸ்பிரிண்டில், அதாவது சில வாரங்கள் நீளும் அடுத்த வேலைச் சுற்றில், எவ்வளவு வேலையை ஏற்கலாம் என்று அந்தந்தக் குழு தெரிந்துகொள்வதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு பயன் இல்லை. அதை ரேட்டிங்கோடு இணைத்தால் 3 பாயின்ட் வேலை 5 ஆகும், ஒரே வேலை நான்கு டிக்கெட்டுகளாகப் பிரியும், யாருக்கும் புரியாத பழைய நிரலில் ஒளிந்திருக்கும் பிழையைத் தொட ஒருவரும் முன்வர மாட்டார்கள். ஓர் அளவுகோலே இலக்காகிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்று, பிரிட்டனின் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றி முன்வைத்த கருத்தைப் பின்னாளில் சுருக்கிச் சொன்னார்கள். மென்பொருள் துறைக்கு அது முழுமையாகப் பொருந்துகிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1982-இல் ஆப்பிளில் லிசா கணினிக்கான மென்பொருள் குழுவில் நடந்தது. வாரந்தோறும் எத்தனை வரி நிரல் எழுதினார்கள் என்று ஒவ்வொருவரும் படிவம் நிரப்பித் தர வேண்டும் என மேலாளர்கள் விதித்தார்கள். அந்த வாரம் பில் அட்கின்சன், திரையில் படம் வரையும் குவிக்டிராவின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, அதை ஏறத்தாழ 6 மடங்கு வேகமாக்கியிருந்தார். அதனால் நிரலில் சுமார் 2000 வரிகள் குறைந்திருந்தன. எனவே படிவத்தில் −2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

எண்களில் வராத வேலைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அநீதி பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் எழுதிய நிரலை வரிவரியாகப் படித்து விளக்கம் சொல்பவர், இரவு 2 மணிக்கு சர்வர் நின்றுபோனால் எழுந்து சரிசெய்பவர், வாடிக்கையாளர் கேட்பது உண்மையில் தேவையில்லை என்று பேசிப் புரியவைத்து ஒரு மாத வேலையைத் தவிர்ப்பவர் ஆகியோருக்கு எந்த டிக்கெட்டும் முடிந்ததாகப் பதிவாவதில்லை. நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், டெஸ்டிங் குழுவின் மூத்த பெண்மணி ஒருவர், முடித்த டிக்கெட்டுகளை எண்ணும் பட்டியலில் எப்போதும் கடைசியில்தான் இருந்தார். ஆனால் எந்த ரிலீசுக்கு முன்பும் எல்லோரும் அவருடைய இருக்கையைத் தேடித்தான் போவார்கள். அந்த ஆண்டு அவருக்குக் குறைந்த ரேட்டிங் கிடைத்தது. அவர் வேறு வேலைக்குப் போன பிறகு, வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் பிழைகள் கண்ணெதிரே பெருகின.

தனிநபரை எண்ணால் கண்காணிக்கும் வசதி பெரிய நிறுவனங்களுக்கே சிக்கலாகியிருக்கிறது. 2020-இல் மைக்ரோசாஃப்ட் தன் ‘365’ என்ற அலுவலக மென்பொருள் தொகுப்பில் ‘புரொடக்டிவிட்டி ஸ்கோர்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. யார் எத்தனை நாள் மின்னஞ்சல் அனுப்பினார், சாட்டில் பேசினார் என்பதையெல்லாம் பெயரோடு பார்க்க அது இடம் தந்தது. நவம்பரில் கடும் எதிர்ப்பு எழவே, தனிநபர் பெயர்களை நீக்கி, நிறுவன அளவிலான எண்களை மட்டுமே காட்டப்போவதாக டிசம்பர் 1 அன்று அது அறிவித்தது. குறிக்கோளையும் அதை எட்டியதைக் காட்டும் முக்கிய விளைவுகளையும் முன்கூட்டியே எழுதி வைக்கும் ஓகேஆர் முறையைக் கூகுள் 1999 முதல் பின்பற்றுகிறது. இலக்கில் 60 முதல் 70 விழுக்காடு எட்டினாலே நன்று என்று கருதும் அந்த முறையை, ஊழியர் மதிப்பீட்டுக் கருவியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நிறுவனமே தன் வழிகாட்டியில் சொல்கிறது. மதிப்பெண்ணுக்காக என்றால் கடினமான இலக்கை எவரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் காரணம்.

உங்கள் நிறுவனத்துக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். ஜிராவைக் குழுவின் கருவியாக மட்டும் வைத்திருங்கள். டிக்கெட்டின் நிலைகள் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். ‘தடைபட்டது’ என்ற நிலை கட்டாயம் இருக்கட்டும், அதைத் தேர்ந்தெடுப்பவர் காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும். ஒரு வேலை தொடங்கிய நாளிலிருந்து முடியும் வரை ஆகும் காலத்தைக் குழு வாரியாகப் பாருங்கள். தனிநபர் வாரியாகப் பட்டியல் போடும் டேஷ்போர்டு இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். அப்ரைசலுக்கு, டீம் லீட் மாதம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாகப் பேசி, பேசியதை இருவரும் பார்க்கக்கூடிய குறிப்பாக எழுதி வைக்கட்டும். அதில் ஊழியர் தாம் பெருமையாகக் கருதும் வேலைகளின் டிக்கெட் இணைப்பைத் தாமே சேர்க்கலாம். ஆண்டு முடிவில் கடைசி இரண்டு மாத வேலை மட்டுமே நினைவில் நிற்கும் குறையை அது பெருமளவு போக்கும். ஜிராவிலிருந்து அப்ரைசலுக்குத் தகவல் போவதில் நான் ஏற்றுக்கொள்ளும் வழி இது ஒன்றே.

40 பேருக்கு இந்தக் குறிப்புகளைப் பகிரப்பட்ட ஓர் ஆவணத்தில் வைத்தாலே போதும். மென்பொருள் தேவை என்று தோன்றினால், சென்னையில் வளர்ந்த ஸோஹோவே திட்டங்களுக்கு ஸோஹோ புராஜெக்ட்ஸ், பணியாளர்களுக்கு ஸோஹோ பீப்பிள் என்று இரண்டையும் தனித்தனிப் பொருள்களாகத்தான் விற்கிறது. எதை வாங்கினாலும் டெமோவின்போது, மேலாளர் எழுதும் குறிப்பை ஊழியர் பார்க்க முடியுமா, அதற்கு மறுமொழி எழுத முடியுமா, நிறுவனத்தில் வேறு யாருக்கெல்லாம் அது தெரியும் என்ற மூன்றையும் கேட்டு, திரையில் செய்து காட்டச் சொல்லுங்கள்.