சாவியைத் திருப்புவதற்கு முன்: கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஏற்காடு மலைப்பாதையைப் பற்றியவை. கோடை நெருங்கிவிட்டது என்று அதிலிருந்தே தெரிகிறது.

கேள்வி: தாத்தாவின் 1984 மாடல் பிரீமியர் பத்மினி எட்டு ஆண்டுகளாக ஷெட்டில் நிற்கிறது. புது பேட்டரி வாங்கிவிட்டேன். ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? (அம்மாப்பேட்டை)

வேண்டாம். பேட்டரியை ஓரமாக வையுங்கள், அதற்கு வேலை வர ஒரு வாரமாவது ஆகும். இத்தனை ஆண்டு நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர் காய்ந்து கிடக்கும். பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். அதுவரை நன்றாக இருந்த எஞ்சின் ஒரே நிமிடத்தில் ரீபோர் வேலைக்கு, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் வேலைக்கு, போய்விடும்.

முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, இரண்டு பேரை வைத்து வண்டியை மெதுவாகத் தள்ளுங்கள். எஞ்சின் முன்னால் உள்ள புல்லி சுற்றினால் நல்ல செய்தி. சுற்றவில்லையா, இன்னும் ஆயில் விட்டு ஊறவிடுங்கள், முரட்டுத்தனம் வேண்டாம். நியூட்ரலில்கூட வண்டி நகர மறுத்தால் கோளாறு எஞ்சினில் இல்லை, பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது டேங்க். இதேபோல் நின்றுபோன ஒரு பத்மினியைச் செவ்வாய்ப்பேட்டையில் பார்த்தேன். டேங்கைக் காலி செய்தபோது வந்ததைப் பெட்ரோல் என்று சொல்ல முடியாது. டிக்காஷன் நிறம், வார்னிஷ் நாற்றம். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளையே தெரியவில்லை. அதில் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிட்டால் பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது. கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தோம். மறுபடி தூக்கிப் பிடித்தபோது ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் வந்தது. அந்த ஒரு புள்ளி வெளிச்சத்தைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிரேக்கில் வீல் சிலிண்டர் கப்புகள், ஹோஸ்கள், ஆயில் மூன்றையும் மாற்றாமல் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள். ஒயரிங்கை எலி கடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகு பேட்டரியை இணைக்கலாம். "பழைய எஞ்சின் எதற்கு, வேறு மாற்றிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். 1089 சிசி எஞ்சின் எளிமையான எஞ்சின். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரித் தொழில் தழைத்ததால் நம் பக்கத்தில் நல்ல லேத் பட்டறைக்கும் போரிங் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை.

கேள்வி: என் அம்பாசடர் பெட்ரோல் வண்டி மலை ஏறும்போது பாதி வளைவுகளைத் தாண்டியதும் இருமி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் தானாகச் சரியாகிறது. ரேடியேட்டர் கொதிக்கவில்லை. என்ன காரணம்? (கோரிமேடு)

இரண்டில் ஒன்று. ஒன்று, பெட்ரோல் வரும் பைப்பிலோ பம்ப்பிலோ சூடேறி, பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கிறது. இன்னொன்று, கண்டென்சரோ இக்னிஷன் காயிலோ சூட்டில் சோர்ந்துபோகிறது. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றேதான், ஆறினால் சரியாகிவிடும். அதனால்தான் பலர் கார்புரேட்டரையே திரும்பத் திரும்பக் கழற்றிப் பணத்தை விடுகிறார்கள்.

அடுத்த முறை நின்ற உடனே, ஆறுவதற்கு முன், பாருங்கள். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, கையில் தனியாக உள்ள வேறொரு பிளக்கில் செருகி, அதை எஞ்சின் உலோகத்தில் படுமாறு வைத்து, உதவிக்கு வந்தவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிவு இல்லாத இடமாக இருக்க வேண்டும். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் மின்சாரம் சரி, குற்றவாளி பெட்ரோல் வழி. மங்கலான மஞ்சள் பொறி என்றாலோ, பொறியே இல்லை என்றாலோ கண்டென்சரை முதலில் மாற்றுங்கள், குறைந்த செலவு.

பெட்ரோல் வழிதான் என்றால் பம்ப்பிலும் பைப்பிலும் ஈரத்துணி சுற்றினால் வண்டி கிளம்பும். ஆனால் அது வழியில் செய்யும் கைவைத்தியம். பைப் எக்ஸாஸ்ட் பக்கமாக ஓடுகிறதா பாருங்கள், பெரும்பாலும் யாரோ மாற்றிப் பூட்டியிருப்பார்கள். அதைத் தள்ளிவைத்து, நடுவில் ஒரு தகடு கொடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் ஏறுவதை விடுங்கள். விடியற்காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவையும் வண்டி பாட்டுக்கு ஏறிவிடும்.

கொதிக்கவில்லை என்றீர்கள், இருந்தாலும் ஒரு சொல். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் நாம் தப்பிக்கிறோம். அந்த ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே வேண்டாம், உப்பு படிந்து குழாய்கள் அடைபடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் போதும்.

இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். நான்கு பக்கமும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் பெடலை மிதித்தபடியே வந்தால் டிரம் சூட்டில் விரிந்து பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். பிரேக் ஆயில் பழையதானால் அதில் சேர்ந்த ஈரமும் கொதிக்கும், பிறகு பெடல் பஞ்சுபோல ஆகிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள். குறுகலான இடத்தில், கீழே வரும் நாம்தான் மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். மரியாதைக்கு மட்டும் இல்லை, சட்டமும் அதுதான்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு விலைக்கு வருகிறது. பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா? (ஓமலூர்)

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஹெரால்டுக்குத் தனி சேசிஸ், அதாவது பாடிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம். பனியும் மழையும் பட்ட மலை வண்டியில் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் அரிக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு, பொத்தென்று கேட்டால் துரு. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி கதவின் அடிப்பாகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசிய இடம்.

ஆர்.சி. இறந்துபோனவர் பெயரில் இருந்தால், வாரிசு படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றிய பிறகே பணம் கொடுங்கள். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் நீங்களே துடைத்துப் படியுங்கள்.

இன்னொன்று. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் மடங்கும் அமைப்பு. வளைவுக்குள் வேகமாக நுழைந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி வால் வீசும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள்.

கேள்வி: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பழைய கார்களைக் கெடுத்துவிடுமா? (ஆத்தூர்)

எஞ்சினைவிட ரப்பரைத்தான் முதலில் தாக்கும். பழைய ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்க் கேஸ்கட் எல்லாம் எத்தனாலில் ஊதி வெடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். டேங்கில் பல ஆண்டு படிந்த அழுக்கையும் அது கரைத்துக் கொண்டுவரும், ஆகவே முதல் சில மாதம் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். வண்டி இழுக்கத் திணறினால் மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாகத் தேவைப்படலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் ஓட்டாமல் மாதக்கணக்கில் அதே பெட்ரோலோடு நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் 1968 வண்டிக்கு விண்டேஜ் பதிவு எடுத்தால் பெருமையாக இருக்குமே? (மேட்டூர்)

2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு வி.ஏ. வரிசையில் எண் தருவார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போக முடியாது. ஓட்ட ஆசைப்படுபவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்து, பச்சை வரி கட்டி, வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் அதுதான் பெருமை.

கேள்வி: புது டீசல் கார். அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் இடையில் மட்டுமே ஓடுகிறது. டி.பி.எஃப். விளக்கு எரிகிறது. (அஸ்தம்பட்டி)

புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் அது. எரித்துச் சுத்தம் செய்துகொள்ள அதற்குச் சூடு வேண்டும், டவுன் ஓட்டத்தில் கிடைக்காது. வாரம் ஒரு முறை கருப்பூர் தாண்டி நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீராக ஓட்டுங்கள். விளக்கு அப்படியும் அணையவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். இவ்வளவு குறைந்த ஓட்டத்துக்கு அடுத்த முறை பெட்ரோல் கார் வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் புதுக்கார் இருப்பதால் பழைய பத்மினியை வாரம் ஒரு முறை ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஓடவிடுகிறேன். போதுமா? (சூரமங்கலம்)

அது ஓடவிடாமல் இருப்பதைவிட மோசம். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுச்சூடு ஏறாது. எரிந்த பெட்ரோலில் பிறக்கும் நீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கி உள்ளிருந்து அரிக்கும். பேட்டரியும் சரியாகச் சார்ஜ் ஏறாது. பத்து நாளுக்கு ஒரு முறையாவது வெளியே எடுங்கள். ஞாயிறு காலை, போக்குவரத்து தொடங்குவதற்கு முன், கோரிமேடு வழியாக அடிவாரம்வரை போய்த் திரும்பினால் அரை மணி நேர ஓட்டம் கிடைத்துவிடும். டெம்பரேச்சர் முள் நடுவில் வந்து பத்து நிமிடம் நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. திரும்பி வந்ததும் நான்கு டிரம்முக்கும் கிட்டே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்க ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது, அடுத்த ஞாயிறுக்குள் சரிசெய்துவிடுங்கள்.