பி மதிப்பு 0.059: பாஸா, ஃபெயிலா?

கேள்வி: ஆய்வேட்டுக்காக ரத்த அழுத்த மருந்து ஒன்றைச் சோதித்தேன். அணிக்கு 60 பேர். மருந்து அணியில் மேல் அழுத்தம் சராசரியாக 4 மி.மீ. கூடுதலாக இறங்கியது, திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் உள்ள சிதறலின் அளவு) இரு அணியிலும் 11.5. இரு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையில் பி மதிப்பு (மருந்துக்குப் பயனே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.059; 0.05-க்குக் கீழே வந்தால்தான் 'பயன் உண்டு' என்பது வழக்கம். "மருந்து வேலை செய்யவில்லை என்று எழுது" என்கிறார் ஒருவர். "இன்னும் 20 பேரைச் சேர், 0.05-க்குக் கீழே வந்துவிடும்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
– முதுநிலை மருத்துவ மாணவி

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். உங்கள் கணக்கில் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது தரவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் வீச்சு, −0.2 முதல் 8.2 மி.மீ. வரை வருகிறது. பயன் சுழியம் என்பதோடும் இந்தத் தரவு ஒத்துப்போகும், 8 மி.மீ. என்பதோடும் ஒத்துப்போகும். அப்படியிருக்க, 'வேலை செய்யவில்லை' என்று எப்படி எழுதுவது? திட்ட விலக்கம் 11 ஆக இருந்திருந்தால் பி மதிப்பு 0.049, இடைவெளி 0.02 முதல் 7.98. மருந்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது அப்போதும் இதேதான். தேர்வாளர் முகம் மட்டும் மலர்ந்திருக்கும். 0.05 என்பது புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வசதி கருதிச் சொன்ன எல்லை, அவ்வளவே.

ஆள் சேர்க்கும் யோசனை இன்னும் ஆபத்து. முடிவைப் பார்த்துவிட்டுச் சேர்ப்பதால் 5 சதவீதப் பிழை வரம்பு (பயனில்லாத மருந்தைப் பயனுள்ளது என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு) உடைகிறது. பயனே இல்லாத மருந்தை, ஆள் சேரச் சேர ஐந்து முறை 0.05 வைத்தே சோதித்தால், ஒரு தடவையாவது 'பயன் உண்டு' என்று வர ஏறக்குறைய 14 சதவீத வாய்ப்பு. தவிர, புது ஆட்கள் வந்தால் பி மதிப்பு இறங்கித்தான் ஆக வேண்டுமா என்ன? ஏறவும் செய்யும். அதனால்தான் 'முக்கியத்துவத்தை நெருங்குகிறது' (0.05-ஐ நெருங்குகிறது) என்ற வழக்கமான வாசகமும் வேண்டாம். ஒரு திசை வேறுபாட்டை மட்டும் பார்க்கும் ஒருமுனைச் சோதனைக்குத் தாவினால் 0.03 கிடைக்கும், திசையைப் பார்த்தபின் தாவினால் உண்மையான பிழை வரம்பு 10 சதவீதம்.

ஆய்வேட்டில் இப்படி எழுதுங்கள்: 'மருந்து அணியில் அழுத்தம் 4 மி.மீ. கூடுதலாகக் குறைந்தது (95% நம்பிக்கை இடைவெளி −0.2 முதல் 8.2; பி = 0.059). பயனை உறுதிசெய்யவோ மறுக்கவோ இத்தரவு போதாது.'

அடுத்த ஆய்வு தனியாக, முன்பதிவோடு (ஆய்வுத் திட்டத்தைத் தொடங்குமுன்பே பொதுவில் பதிந்து) நடக்கட்டும். உண்மை வேறுபாடு சரியாக 4 மி.மீ. என்றே வைத்தாலும், அணிக்கு 60 பேரோடு 0.05-க்குக் கீழே வரும் வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு. 80 சதவீதம் வேண்டுமென்றால் அணிக்குச் சுமார் 130 பேர் தேவை. நடுவில் விலகுவோருக்காக இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.